திருத்தாத பதில்

கல்லூரியிலிருந்து இரண்டு மின்னஞ்சல்களும் ஒரே பகலில், ஆறு நிமிட இடைவெளியில் வந்து சேர்ந்தன. பெரியவளுக்கு வந்தது நாலே வரி. மூன்றாவது வரியில் 'வருந்துகிறோம்' என்று இருந்தது. சின்னவளுக்கு வந்தது முழுப் பக்கம். நேர்முகத் தேர்வு என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டடம், என்னென்ன சான்றிதழ் என்று விலாவாரியாக எழுதி, கீழே வாழ்த்தும் சொல்லியிருந்தார்கள்.

பெரியவள் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் மனுக்களை வாங்கிப் பார்க்கும் மேசையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். அப்பா இறந்தபோது பட்டப்படிப்பு முடித்திருந்தாள். முடித்த கையோடு அந்த நாற்காலிக்குப் போய்விட்டாள். நிதி மேலாண்மையில் முதுகலை படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதே கல்லூரிக்கு இத்துடன் மூன்று தடவை விண்ணப்பித்தாகிவிட்டது. சின்னவள் கணிதம் படித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள். விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள், அக்காவின் தோளுக்கு மேலாகக் கணினியை எட்டிப் பார்த்து, "நானும் சும்மா போட்டுப் பாக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். "போடேன், யாரு வேணாம்னா" என்று சொன்னது பெரியவள்தான். நுழைவுத் தேர்வுக்குப் பழைய வினாத்தாள்களைத் தூக்கிக் கொடுத்ததும் அவள்தான்.

சேதி கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். சின்னவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு பெரியவளைப் பார்த்து, "உனக்கென்னடி, கையில வேலை இருக்கு. அவளுக்குக் கெடைச்சா உனக்குக் கெடைச்ச மாதிரிதானே" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அந்த 'மாதிரி' பெரியவளை உறுத்தியது. அவள் சிரித்து, தங்கையின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். தட்டு கொஞ்சம் ஓங்கியே விழுந்துவிட்டது.

நேர்முகத்துக்கு முந்தின சாயங்காலம் சின்னவள் ஒரு நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "நீ புரொபசர். நான் நான். கேளு."

"எதுக்காக இந்தப் படிப்புக்கு வர்ற?"

"விண்ணப்பத்தோட வச்ச என் கட்டுரையில எழுதினதையே சொல்லட்டுமா?"

சொன்னாள். கடை எரிந்துபோன ஒரு மனிதர். பாலிசியைப் புதுப்பிக்கப் பதினோரு நாள் தவறியிருந்தது. அவருக்கு ஒன்றும் கிடைக்காது என்று சொல்ல வேண்டிய இடத்தில் தன் அக்கா இருந்தது. அவர் கோபப்படவில்லை, "நன்றிம்மா" என்று சொல்லி, கொண்டுவந்த காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனது. "அன்னைக்கு எங்க அக்கா சாப்பிடல. இந்தப் பதினோரு நாளுக்கு யாராவது ஒரு வழி பண்ணியிருக்கணும் இல்லையான்னு கேட்டா. எனக்கு அந்தக் கேள்விதான் சார் மனசுல நிக்குது."

பெரியவளுக்கு இப்போதுதான் நினைவு வந்தது. தட்டின் முன் உட்கார்ந்து ஏதோ சலிப்பில் சொன்னது, தானே மறந்துபோனது. அவளுடைய சொந்தக் கட்டுரையில் அந்த மனிதர் இல்லை. 'பதினோரு ஆண்டு அனுபவம்', 'பொறுப்புணர்வு', 'துறைசார் அறிவு' என்று அகராதியைப் புரட்டிப் புரட்டி எழுதியிருந்தாள். சின்னவள் திருடவில்லை. அக்கா, அக்கா என்று மூச்சுக்கு மூச்சு சொல்லியிருக்கிறாள். திருடியிருந்தால் சண்டையாவது போடலாம். பதினோரு வருஷம் அந்த மேசையில் தேய்ந்தவள் இவள். அந்தத் தேய்மானத்தைக் காட்டி உள்ளே போகப்போகிறவள் அவள். நினைக்க நினைக்க உள்ளே காந்தியது.

"அடுத்த கேள்வி" என்றாள் சின்னவள்.

"வட்டி விகிதம் ஏறினா, ஏற்கெனவே கைமாறிட்டு இருக்கற பழைய கடன் பத்திரத்தோட விலை என்ன ஆகும்?"

"அதுவும் ஏறும்." சற்றும் யோசிக்காமல் வந்தது பதில். "வட்டி ஏறுதுன்னா பத்திரத்துக்கு மதிப்பு கூடும்தானே?"

தலைகீழ். வட்டி ஏறினால் புதுப் பத்திரங்கள் அதிக வட்டி தரும், பழையதைச் சீந்துவார் இருக்க மாட்டார்கள், விலை இறங்கும். நிதி படிக்க வருகிறவர்களுக்கு இது அரிச்சுவடி. பெரியவள் வாய் திறந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். தயக்கமோ பயமோ ஒன்றுமில்லாத முகம். இவளுக்குக் கிடைக்காமல் போனாலும் தனக்குக் கிடைக்கப்போவதில்லை என்பது பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே சொன்னாள்.

"ம். அடுத்தது."

மறுநாள் காலை அலுவலகத்தில் எந்த மனுவும் தலைக்குள் ஏறவில்லை. ஒரே பக்கத்தில் இரண்டு தடவை முத்திரை குத்தினாள். பத்தே முக்காலுக்கு மாடிப்படிக்கு வந்து போன் போட்டாள். முதல் மணியிலேயே சின்னவள் எடுத்துவிட்டாள்.

"சொல்லுக்கா, சீக்கிரம். அடுத்தது நான்தான். போனை வாங்கி வச்சுடுவாங்க."

ஒரே வரி. 'நேத்து சொன்னது தப்பு, விலை இறங்கும்.' மூன்று விநாடிகூட ஆகாது. பின்னணியில் யாரோ செருமுவதும், கதவு திறக்கும் சத்தமும் கேட்டன. அந்தக் கதவு எப்படி இருக்கும் என்று பெரியவள் மூன்று வருஷமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

"ஒண்ணுமில்ல. நல்லா பண்ணு."

"தேங்க்ஸ்க்கா" என்றது போன்.

சாயங்காலம் பெரியவள் வீட்டுக்கு வந்தபோது சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியேதான் கேட்டிருக்கிறார்கள். ஏறும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். தேர்வாளர்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். அவர்களில் ஒரு அம்மாள் காகிதத்தையும் பேனாவையும் நகர்த்தி, கணக்குப் போட்டுத்தான் காட்டேன் என்றிருக்கிறார். "பாதியிலேயே தெரிஞ்சுபோச்சும்மா, தலைகீழா சொல்லிட்டேன்னு. காதெல்லாம் சுட்டுது. அடிச்சுட்டு மறுபடி போட்டேன். என்ன நினைச்சாங்களோ."

பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. வெறும் சந்தேகம்தான் இருந்தது. "நேத்து உன்கிட்டயும் அப்படித்தானேக்கா சொன்னேன்? நீ கவனிக்கலையா?"

"அவளே நாளெல்லாம் மாரடிச்சுட்டு வர்றா" என்றாள் அம்மா. "அலுப்புல காதுல விழுந்திருக்காது."

நல்ல வழிதான். தலையை ஆட்டினால் போதும். பெரியவள் கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

"விழுந்துச்சு" என்றாள். "தெரிஞ்சுதான் சொல்லல."

சின்னவள் குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்தாள். ஒன்றை அவிழ்க்கவே வெகுநேரம் ஆயிற்று.

அன்றிலிருந்து அவள் படுக்கை அம்மாவின் அறைக்குப் போனது. "அம்மா, அவங்க சாப்பிட்டாங்களான்னு கேளு" என்று, அக்கா 'அவங்க' ஆனாள். பெரியவள் மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை முயன்றாள். முதல் தடவை சின்னவள் டியூஷன் பிள்ளைகள் நடுவில் இருந்தாள். இரண்டாவது தடவை கேட்டேவிட்டாள். சின்னவள் "சரி" என்று சொல்லிவிட்டுத் துணி மடிப்பதைத் தொடர்ந்தாள். அம்மா இருவருக்கும் நடுவில் அஞ்சல் ஊழியரைப் போல அலைந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் இடம் கிடைத்த செய்தி வந்தது. பெரியவள் அதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். சந்தோஷமாக இருந்தது. அதன் அடியில் பழைய காந்தலும் இருந்தது. ஒன்று மற்றதை அணைத்துவிடவில்லை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு மேசையில் கல்லூரியின் சேர்க்கைப் படிவம் இருந்தது. மேலே ஒரு பேனா. சம்பாதிக்கும் குடும்ப உறுப்பினர் ஒருவர் பொறுப்பாளராகக் கையெழுத்திட வேண்டும் என்று அச்சிட்டிருந்த இடத்தில், பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தது. பொறுப்பாளரின் பெயர், வேலை, அலுவலக முகவரி எல்லாவற்றையும் சின்னவள் தன் குண்டுக் கையெழுத்தில் நிரப்பியிருந்தாள். 'மாணவருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தை மட்டும் எழுதாமல் விட்டிருந்தாள்.

பெரியவள் உட்கார்ந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள். சின்னவள் குளித்துக்கொண்டிருந்த அறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது, தாழ்ப்பாள் விலகியது, கதவு திறக்கவில்லை. மேசை விசிறியின் காற்றில் படிவத்தின் ஓரம் எழும்பி எழும்பி அடங்கியது. அவள் இடது உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேனா முனையை அந்தக் காலிக் கட்டத்துக்கு மேலே கொண்டுபோனாள்.