சொட்டை யார் என்று குறிப்பிடவும்

இறுதிப் போட்டி அன்று காலை. பெண்கள் வாலிபால் அணியின் ஆலோசனைக் கூட்டம். சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் "பொண்ணுங்க எப்படித்தான் திட்டம் போடறாங்கன்னு பார்ப்போமே" என்று முன்வரிசையில் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, சுவரை அடைத்த டிவியில் பளிச்சென்று வந்து நின்றது இந்த வரி:

"சொட்டை வந்தா யோசிக்காதீங்கடி. ஓங்கி அடிங்க."

தலைவரின் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. இடது காதோரம் கிளம்பி வலது காது வரை யாத்திரை போகும் கொஞ்சநஞ்ச முடி பத்திரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு இறங்கியது.

"தொந்தி மெதுவாத்தான் வரும். பொறுமையா நின்னு சாத்துங்க."

செயலாளர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். சட்டைப் பொத்தான்கள் கொஞ்சம் இளைப்பாறின.

"கொட்டாவி பின்பக்கமாப் போகும்."

பொருளாளர் அப்போதுதான் வாயைத் திறந்திருந்தார். திறந்தது திறந்தபடியே நின்றது.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஏணி சிரிப்பை அடக்கத் தன் முழங்காலைக் கடித்தாள். அவளுக்கு முழங்கால் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும், அவ்வளவு உயரம். அணியில் அவள் நடுவில் ஆடுகிறவள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சும்மா சொல்லக்கூடாது, பெயர்கள் பொருத்தமோ பொருத்தம்.

விஷயம் இதுதான். அரையிறுதியில் எதிரணிக்காரிகள் இவர்களுடைய ரகசியச் சொற்களை எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள். எந்தப் பந்து எந்தப் பக்கம் வரும் என்று ஆட்டத்துக்கு நடுவே கத்திச் சொல்வதற்கான சொற்கள். "எல்லாத்தையும் மாத்துங்க. வெளியாளுக்குத் தலையும் புரியக்கூடாது, வாலும் புரியக்கூடாது" என்று கோச் மேடம் சொல்லிவிட்டார். கேப்டன் உட்கார்ந்து மாற்றி, ஏணி உட்பட எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாள். நடுவில் சட்டென்று வரும் குட்டைப் பந்து சொட்டை. ஓரத்துக்கு ஆடி அசைந்து வரும் உயரப் பந்து தொந்தி. முதுகுக்குப் பின்னால் போடுவது கொட்டாவி. இன்று எதிரணியின் வீடியோவைக் காட்டத் தன் போனை டிவியோடு இணைத்தாள். அந்த வீடியோ கிடந்தது அவர்களுடைய தனிக் குழுவில். விரல் வழுக்கி, படத்துக்குப் பதில் பேச்சு வந்து நின்றுவிட்டது.

கேப்டன் அவசரத்தில் மூட வேண்டியதை மூடாமல் மேலே தள்ளினாள். பழைய பேச்செல்லாம் சரசரவென்று ஓடி, ஓரிடத்தில் நின்றது.

"பஸ்ல ஏணி பக்கத்துல உக்காராதீங்கடி. அவங்கம்மா கழுவுற எச்சத்தட்டு வாடை இவமேலயும் அடிக்குது."

கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள், வரிசையாக.

ஏணியின் பல் முழங்காலில் பதிந்தபடியே இருந்தது. ஆனால் சிரிப்பு எங்கோ இறங்கிப் போய்விட்டது. அவள் அம்மா ஆஸ்பத்திரி கேன்டீனில் தட்டுக் கழுவுகிறவர். அந்த வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் ஏணிதான். அந்த டிகிரிக்காக அம்மா கழுவிய தட்டுகளை அடுக்கினால் இந்த அரங்கத்துக் கூரையைத் தொடும். அப்படி ஒரு குழு இருப்பதே இதுவரை அவளுக்குத் தெரியாது. அவளைத் தவிர மற்ற எல்லாரும் அதில் இருந்தார்கள். அறைத்தோழி சுண்டு உட்பட.

யாரோ மின்கம்பியைப் பிடுங்கினார்கள். டிவி அணைந்தது.

*

விசாரணைக்கு வேறு அறை கிடைக்கவில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களின் மெத்தைகளைப் போட்டு வைக்கும் அறைதான் காலியாக இருந்தது. நாற்காலி கிடையாது. மூன்று பெரிய மனிதர்களும் மெத்தை அடுக்கின்மேல் உட்கார்ந்தார்கள். தலைவரும் பொருளாளரும் மிதந்தார்கள். செயலாளர் மட்டும் இறங்கிக்கொண்டே போனார். கடைசியில் முழங்காலும் மீசையும்தான் வெளியே தெரிந்தன.

"ரெண்டு வருஷம் தடை" என்றது மீசை. "இன்னிக்கு ஆட்டத்துலேர்ந்தே."

அதெல்லாம் பந்துகளின் பெயர் என்று சொல்லிப் பார்த்துத் தோற்ற கோச் மேடம், கேப்டனைக் காட்டிப் பதறினார். "சார், செட்டர் இவ ஒருத்திதான். மாத்து ஆளு விரலை உடைச்சுக்கிட்டுக் கிடக்கறா. செட்டர் இல்லாம எப்படி சார் ஆடறது? நான் போய்த் தூக்கிக் கொடுக்கவா?"

இதில் ஏணியின் கழுத்துக்கும் ஒரு கத்தி இருந்தது. இன்று தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருகிறார்கள், நடு ஆட்டக்காரி ஒருத்தி வேண்டும் என்று. நடுவில் ஆடுகிறவளின் பிழைப்பு, அடிக்கத் தோதாகப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரின் விரல்களில் இருக்கிறது. பந்து செட்டரின் கையை விட்டுக் கிளம்பும் முன்பே இவள் குதித்துவிட வேண்டும். குதித்து மேலே போனபின் அங்கே பந்து இருக்க வேண்டும். கேப்டன் கொடுத்தால் இருக்கும். வேறு எவள் கொடுத்தாலும் காற்றைத்தான் அடிக்க வேண்டும். எச்சத்தட்டு என்று எழுதிய அதே விரல்கள். பாழாய்ப்போன விரல்கள்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "எழுதுங்க. 'சொட்டை என்று அழைத்து அவமதித்தார்.'"

பொருளாளர்தான் எழுதுகிறவர். பேனாவை எடுத்தார். "யாரைன்னு எழுதறது சார்?"

"அதான் தெரியுமே."

"தெரியும் சார். ஆனா விதிப்படி அவமதிக்கப்பட்டவர் யார்னு குறிப்பிடணும். அவரே கையெழுத்தும் போடணும். 'சொட்டை, அடைப்புக்குறிக்குள்ள தலைவர்'னு போட்டுடவா?"

"என்னை ஏன்யா போடறே? எனக்கென்ன சொட்டையா?"

அறையில் ஒரு பெரிய மின்விசிறி இருந்தது. அது இந்தப் பக்கம் திரும்பியது. தலைவரின் முடி ஒட்டுமொத்தமாக எழுந்து நின்று, கொடி மாதிரி ஆடி, மறுபடி படுத்தது. எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். சுண்டு மட்டும் மெத்தை உறையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"பொதுவா சொல்லியிருக்கா" என்றார் தலைவர்.

"பொதுச் சொட்டைக்கு யார் சார் கையெழுத்துப் போடறது? தொந்திக்காவது செயலாளர் போடட்டும்."

"யோவ்! இது உடம்பு வாகுய்யா!" என்று மெத்தைக்குள்ளிருந்து குரல் வந்தது. "எங்க பரம்பரையே அப்படி. தொந்திங்கறது வேற. கொட்டாவி யாரு? அதைச் சொல்லு நீ."

"கொட்டாவி மனுஷனுக்கு இயற்கை சார். குழந்தைகூடத்தான் விடுது. குழந்தையா வந்து புகார் கொடுக்கும்?" என்று சொல்லிக்கொண்டே பொருளாளர் நீளமாக ஒன்று விட்டார்.

இப்படியே கொஞ்ச நேரம் பந்து மூவருக்கும் நடுவே பறந்தது. யாருக்கும் சொட்டை இல்லை, தொந்தி இல்லை, தூக்கமும் இல்லை. ஆளே இல்லாத அவமானத்துக்கு யாரைப் பிடித்துத் தண்டிப்பது?

"சரி, விடுங்க" என்று தலைவர் எழுந்தார். "சின்னப் பொண்ணுங்க. போய் ஆடுங்கம்மா. ஜெயிங்க." செயலாளர் இரண்டு கைகளையும் நீட்டினார். இரண்டு பெண்கள் பிடித்துத் தூக்கினார்கள். பாதி தூரம் வந்திருப்பார்.

"உக்காருங்க சார்" என்றாள் ஏணி.

பெண்கள் கையை விட்டுவிட்டார்கள். செயலாளர் மறுபடி உள்ளே போனார்.

"எனக்கு ஒரு புகார் இருக்கு. கையெழுத்தும் போடறேன். பெயரோட, அப்பா பெயரோட, அம்மா பெயரோட."

"அதும்மா..." தலைவர் நெளிந்தார். "அது பொண்ணுங்களுக்குள்ள விளையாட்டுப் பேச்சும்மா."

"உங்க தலையைச் சொன்னா ரெண்டு வருஷம். எங்கம்மாவைச் சொன்னா விளையாட்டா?"

பொருளாளர் சமாதானத்துக்கு வந்தார். "போன வருஷம் ஆம்பளைங்க டீம்ல அந்தப் பெரிய ஆட்டக்காரன் பொம்பளைங்களைப் பத்திப் பேசினது வெளிய வந்துச்சே, அவனையே மன்னிச்சு விட்டோமேம்மா."

"மன்னிச்சீங்களா? வாசல்ல விளம்பரப் பலகைல ஏத்தி வச்சிருக்கீங்க சார். பல் தேய்க்கச் சொல்லி ஈன்னு இளிக்கிறான். வாயைத்தான் கழுவியிருக்கணும்."

அதுவரை குனிந்திருந்த கேப்டனின் தலை நிமிர்ந்தது. அழுது மூஞ்சி வீங்கியிருந்தாலும் வாய் வீங்கவில்லை. "நான் உன்கிட்ட வந்து சொன்னேனா? என் போன்ல, என் சிநேகிதிங்ககிட்ட, தனியாச் சொன்னது. அதுக்கு என் ஆட்டத்தைப் பிடுங்குவீங்கன்னா எல்லார் போனையும் திறங்க. இங்கேயே வைங்க. படிச்சுப் பார்ப்போம், யார் யோக்கியம்னு!"

நியாயமான பேச்சுத்தான். அறையில் இருந்த அத்தனை கைகளும் அத்தனை பைகளுக்கும் ஒரே நேரத்தில் ஓடின. கோச் மேடம் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். தலைவர் போனை முதலில் சட்டைப்பைக்கும், அங்கிருந்து கால்சட்டைப் பைக்கும், கடைசியில் முதுகுக்குப் பின்னாலும் மாற்றினார். மெத்தைக்குள் செயலாளர் எதையோ அவசர அவசரமாக அழிக்கும் டிக் டிக் சத்தம் கேட்டது.

ஏணியின் கையும் போனது. அவள் போனில் என்ன கொஞ்சமாகவா இருக்கிறது? "கேப்டன் மூஞ்சி டீயில ஊறின பன்னு" என்று தம்பிக்கு அனுப்பிய பத்துப் பதினைந்து பேச்சுகளில் அதுதான் மரியாதையானது. காது சிவந்தது. ஆனால் பின்வாங்கவில்லை.

"என்னுது இந்தா" என்று போனை மெத்தைமேல் வீசினாள். "உன்னைப் பன்னுன்னு எழுதியிருக்கேன். இன்னும் மோசமாவும் இருக்கு. கோவம் வந்தா நீயும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடு, தண்டனை வாங்கிக்கறேன். ஆனா நான் உன் பக்கத்துல உக்காராதேன்னு யாருக்கும் சொல்லலை. உங்க வீட்டு அடுப்பை மோந்து பார்க்கலை."

கேப்டன் அந்தப் போனை எடுக்கக் குனிந்து, பாதியில் நிமிர்ந்தாள்.

"அதோட நீ சும்மா ஒருத்தி இல்லடி. கேப்டன். பஸ்ல யார் எங்க உக்காரணும்னு சொல்றது நீதான். ஒரு மாசமா நான் டிரைவர் பக்கத்துல, இன்ஜின் சூட்டுல வெந்துக்கிட்டு வந்தேன். கால் நீட்ட வசதியா இருக்கும்னு நீ சொன்னதை நம்பிக்கிட்டு, உனக்கு நன்றி வேற சொன்னேன்."

அந்த 'நன்றி' சொல்லும்போது குரல் உடைந்தது. அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

"சரிம்மா, உனக்கு என்னதான் வேணும்?" என்றார் தலைவர். "அவ உங்கம்மா கால்ல விழணுமா?"

"எதுக்கு? எங்கம்மா காலு என்ன, நீங்க கொடுக்கற தண்டனையா?"

இனி சொல்ல வேண்டியது அவள்தான் என்று எல்லாரும் அவளையே பார்த்தார்கள். தடை என்று ஒரு சொல் போதும். கேப்டனின் ஆட்டம் முடிந்தது. கூடவே தன்னுடையதும். மன்னித்தேன் என்று இன்னொரு சொல் போதும். கை தட்டுவார்கள், கட்டிக்கொள்வார்கள், நாளை முதல் மறுபடி இன்ஜின் சூடு. இரண்டும் நாக்கில் வரவில்லை.

"கேப்டன் பதவியை எடுங்க" என்றாள். "இந்த வருஷம் முழுக்க. ஏன்னு எழுதுங்க. அவ சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்க. தேசிய அணிக்கு ஆள் எடுக்கறவங்க வருவாங்களே, அவங்க கையில கொடுங்க. ஆட்டத்துல இருக்கட்டும். அவ இல்லாம தோத்தா அது எனக்குத்தான் தண்டனை."

"அதைப் பார்த்தா என்னை எடுக்கமாட்டாங்கடி!" கேப்டன் கதறினாள்.

"எடுத்தாலும் எடுப்பாங்க. உன் ஆட்டத்தையும் பார்ப்பாங்க, இதையும் பார்ப்பாங்க. அப்புறம் அவங்க பாடு."

பொருளாளர் எழுதினார். எச்சத்தட்டு என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. ஏணி எட்டிப் பார்த்து, "ம், எழுதுங்க" என்றாள். கையெழுத்துப் போட்டாள். கோணல்மாணலாகத்தான் வந்தது.

"அப்ப யாரும்மா கேப்டன்?" என்று கோச் மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "நடுவர்கிட்டப் பெயர் கொடுக்கணும். சுண்டு, நீ இரு."

"அந்த மஞ்சள் மூஞ்சில ஒண்ணு இவளோடது மேடம்" என்றாள் ஏணி. "அதுக்குச் சிரிச்சவ யாரும் கேப்டனாகக்கூடாது."

சுண்டு தலை குனிந்துகொண்டாள். கோச் மேடம் ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். ஒவ்வொருத்தியும் தரையைப் பார்த்தாள். குழுவில் இருந்த எல்லாருமே சிரித்திருந்தார்கள். மிச்சம் யார் என்று தேடி, எல்லார் கண்களும் ஒரே நேரத்தில் மேலே ஏறின.

"ஐயையோ! நான் இல்ல மேடம்!" ஏணி கதவைப் பார்த்து நகர்ந்தாள். "எனக்கு டாஸ்ல தலை கேக்கறதா பூ கேக்கறதான்னே தெரியாது!"

"ஏதோ ஒண்ணு கேளுடி. நேரமாச்சு!"

கேப்டன் சட்டையில் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு இருக்க வேண்டும். வேறு சட்டைக்கு எங்கே போவது? முதலுதவிப் பெட்டியிலிருந்து வெள்ளை பிளாஸ்திரியை எடுத்தார்கள். அதைக் கிழிப்பது செட்டர்களுக்குத்தான் கைவந்த கலை, தினமும் விரலில் சுற்றுகிறவர்கள். பழைய கேப்டன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பல்லால் கிழித்து, புதுக் கேப்டனின் நெஞ்சில் ஒட்டினாள்.

"சாரிடி" என்றாள், பிளாஸ்திரியைப் பார்த்தபடி.

"இப்ப வேணாம். எனக்கு இன்னும் பத்திக்கிட்டு எரியுது. ஒட்டினது கோணலா இருக்கு பாரு."

பிரித்து நேராக ஒட்டினாள்.

டாஸில் ஏணி தோற்றாள். தலை கேட்டாளா பூ கேட்டாளா என்று பிறகு கேட்டதற்கு ஞாபகமில்லை என்றாள். அரங்கம் இரைந்தது. முதல் பந்து வலையைத் தாண்டி வந்தது. சுண்டு விழுந்து புரண்டு எடுத்தாள். பந்து செட்டரின் தலைக்குமேல் இறங்கியது. அவள் கத்துவதற்குள் ஏணி கிளம்பிவிட்டாள். ஓடி, மடங்கி, இரண்டு காலும் தரையை விட்டு, ஆள் முழுக்க ஆகாயத்தில். கீழே இருப்பவளை நம்பலாமா வேண்டாமா என்ற கேள்வி தரையிலேயே நின்றுவிட்டது.

பந்து இருந்தது. அடித்தாள். எதிர்ப்பக்கத் தரை அதிர்ந்தது.

இறங்கியவளுக்கு என்ன வந்ததோ, அடக்க முடியாமல் சிரித்தாள். கைகள் அவளை மொய்த்தன. அதில் செட்டரின் கையும் நீண்டிருந்தது. ஏணி அதை ஒரு நொடி பார்த்தாள். பளாரென்று, வலிக்கிற மாதிரியே ஒரு தட்டுத் தட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் உயரமாக் கொடு" என்றாள்.

"சரி கேப்டன்" என்றாள் அவள், கையை உதறிக்கொண்டே.