நீர்த்தொட்டியில் இறங்கி மாறவும்

இருபத்தோரு வருஷமாக ஊருக்கெல்லாம் பஸ் சொன்னவள், அந்தச் சனிக்கிழமைதான் தான் சொல்கிற பஸ்ஸில் தானே முதல்முறையாக ஏறினாள்.

பஸ் டிப்போவின் மாடியில் தொலைபேசி விசாரணை அறை என்று ஒன்று உண்டு. மூன்று மேசை, மூன்று போன், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம். யார் எங்கிருந்து எங்கே போகவேண்டும் என்று கேட்டாலும், வரைபடத்தின் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் சொல்லிவிடுவாள்: எந்த எண், எங்கே இறங்கி எதில் மாறவேண்டும், எத்தனை நிமிடம். டிப்போவில் அவளுக்கு வழிசொல்லி என்றே பெயர். ஆனால் அவளுக்கு பஸ் ஆகாது. டீசல் வாசனை மூக்கில் ஏறினால் குடலைப் பிரட்டும். வீடும் டிப்போவுக்குப் பின்னாலேயே, ஊழியர் குடியிருப்பில். கடைகண்ணிக்குப் போவதென்றால் கணவரின் ஸ்கூட்டர். டிப்போவிலேயே மெக்கானிக்காக இருக்கும் அவருக்கு இது தீராத வேடிக்கை. சமைக்கிறவள் தன் சமையலைத் தொடாவிட்டால் விருந்தாளி கை வைப்பானா, உன்னை மட்டும் எப்படி நம்புகிறார்கள் என்பார்.

அவளுடைய தங்கை அந்தச் சனிக்கிழமை ஊரைவிட்டே கிளம்புகிறாள். மகன் இருக்கும் நாட்டுக்கு. திரும்பி வருகிற பேச்சு இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு வாசலில் கார் வரும். இந்தச் சேதியும் மாமா சொல்லித்தான் தெரிந்தது. அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருஷம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், டிப்போவுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தங்கை அப்போதுதான் ஊரின் அடுத்த கோடியில் குடியேறியிருந்தாள். வாடகை வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை, எப்படி வருவது என்று விசாரணை அறைக்கே போன் செய்தாள். வழிசொல்லி மூச்சு விடாமல் சொன்னாள்: ஒன்பதாம் எண்ணில் ஏறு, நீர்த்தொட்டியில் இறங்கு, அங்கேயே பதினேழு வரும், மாறுவதற்கு அஞ்சு நிமிஷம். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சின்னவள் எங்கே என்று அப்பா கேட்கக் கேட்க, இதோ வந்துவிடுவாள் என்று நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து அரைமணி ஆகியிருந்தது. சொட்டச் சொட்ட நனைந்து நின்றவள், நீர்த்தொட்டியில் பதினேழாம் பஸ்ஸே கிடையாது, நடுவில் ரயில் யார்டுதான் இருக்கிறது என்றாள். உறவு முழுவதும் கூடி நின்ற இடத்தில் வழிசொல்லி கேட்டாள்:

"எனக்கே பஸ் சொல்றியா நீ?"

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. வருவதற்கு மனமில்லாமல் வழியில் எங்கேயோ தாமதித்துவிட்டு, பழியை பஸ்மேல் போட்டாள் என்பதே வழிசொல்லியின் முடிவு. அதில் இந்த ஆறு வருஷத்தில் ஒரு நூலளவு மாற்றம் கிடையாது.

இப்போது மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. போகிறவளை மனக்கசப்போடு அனுப்பக்கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் போன் ஓய்ந்திருந்த நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பயணத்தை எழுதினாள். ஒன்பது நாற்பதுக்குப் பதினேழு. பத்து இருபத்தைந்துக்கு நீர்த்தொட்டி. பத்தரைக்கு ஒன்பதாம் எண். பதினொன்று ஐந்துக்குத் தங்கை வீடு. பேசுவதற்கு ஐம்பத்தைந்து நிமிடம் இருக்கிறது. பேசவேண்டியதையும் தயார்செய்துகொண்டாள்: நடந்தது நடந்துபோச்சு, நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல.

ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கணவர் சொல்லிப் பார்த்தார். அவள் மறுத்தாள். பஸ்ஸில்தான் போவாள், அதுவும் அதே நீர்த்தொட்டியில் மாறித்தான் போவாள். மன்னிப்பதாக இருந்தாலும் உண்மை உண்மைதானே. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டார்.

"மன்னிக்கப் போறியா, ஜெயிக்கப் போறியா?"

வாந்தி வந்தால் பிடிக்க இரண்டு பிளாஸ்டிக் பைகளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பதினேழாம் எண் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஜன்னலோர இருக்கையும் கிடைத்தது. நீர்த்தொட்டிக்குச் சீட்டுக் கேட்டதும் நடத்துநர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அங்கே என்ன வேலை என்று விசாரித்தார். ஒன்பதில் மாறவேண்டும் என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து யாரோ சில்லறைக்குக் கத்த, அந்தப் பக்கம் போய்விட்டார்.

வயிறு பிரட்டினாலும் மனம் குளிர்ந்திருந்தது. வாயால் மட்டுமே அறிந்த நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக நிஜமாகவே வந்துகொண்டிருந்தன. தபால் நிலையம் இருந்தது. கண் ஆஸ்பத்திரி இருந்தது. இரட்டைப் பாலம் உண்மையிலேயே இரட்டையாக இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் பெருமையாக எதையாவது சொல்லலாம் போலிருந்தது. பத்து இருபத்தைந்துக்கு, ஒரு நிமிடம் முன்பின் இல்லாமல், நீர்த்தொட்டியில் இறங்கினாள்.

பஸ் நகர்ந்ததும் எதிரே ஒரு சுவர் நின்றது.

இரண்டு ஆள் உயரம். இடதுபக்கம் கண்ணுக்கு எட்டியவரை சுவர். வலதுபக்கமும் அதே. மேலே முள்கம்பி. அதற்கு அப்பால் சரக்கு ரயில் ஒன்று பெட்டிகளை மோதிக்கொண்டு நகரும் சத்தம். தலையைத் தூக்கினால், வெகு தூரத்தில், யார்டுக்கு மறுபக்கம் நீர்த்தொட்டியின் தலை தெரிந்தது. அதன் அடியில் ஒரு பஸ்ஸின் கூரை மட்டும் நகர்ந்து போனது. மணி பத்தரை. ஒன்பதாம் எண் சரியான நேரத்துக்குத்தான் வந்து போகிறது.

வரைபடத்தில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. சின்ன விரல் நகத்தால் மறைத்துவிடலாம். அந்தப் புள்ளிக்குள் இத்தனை பெரிய யார்டு எப்படி நுழைந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

நிறுத்தத்தை ஒட்டி ஒரு டீக்கடை. கடைக்காரம்மா குவளையைத் துடைத்துக்கொண்டே அவளைக் கூப்பிட்டு, மர பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

"ஒன்பதாம் நம்பர்தானே? போன்ல கேட்டுட்டு வந்தீங்களா?"

வழிசொல்லி தலையை மட்டும் அசைத்தாள்.

"நினைச்சேன். அங்க ஒரு புண்ணியவதி உக்காந்துக்கிட்டு அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்னு அனுப்பிக்கிட்டே இருக்கா. அவ நல்லா இருக்கணும். பாதி வியாபாரம் அவளாலதான்."

பிறகு அவளாகவே விவரம் சொன்னாள். முன்னொரு காலத்தில் இங்கே ரயில்வே கேட் இருந்ததாம், குறுக்கே நடந்தால் ஐந்து நிமிடம்தானாம். யார்டைப் பெரிதாக்கிச் சுவர் எழுப்பி முப்பது வருஷம் ஆகிறது. இந்தப் பக்க நிறுத்தத்துக்கும் அந்தப் பக்க நிறுத்தத்துக்கும் பெயர் மட்டும் பழையபடி நீர்த்தொட்டிதான். இப்போது சுவரோரமாகவே போய், மேம்பாலத்தில் ஏறி இறங்கி, மறுபக்கம் அத்தனை தூரமும் திரும்பி நடக்கவேண்டும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் இந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போன ஒருவர் பூங்கொத்தை அவளுக்கே கொடுத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். இதைச் சொல்லிச் சிரித்தாள்.

வழிசொல்லி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். விசாரணை அறையில் ஒரு புகார்ப் புத்தகம் உண்டு. வழி தவறியவர்கள் போன் செய்து திட்டினால் தேதி போட்டு எழுதிக்கொள்வார்கள். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் காரணம் எழுதவேண்டும். நேரம் மிச்சமாகட்டும் என்று அவள்தான் அதற்கு ஒரு ரப்பர் முத்திரை செய்து வாங்கியிருந்தாள்: 'கேட்டவர் தவறாகப் புரிந்துகொண்டார்.' நீர்த்தொட்டி என்ற பெயருக்கு எதிரே எத்தனை தடவை அதைக் குத்தியிருப்பாள்? நிறைய. குத்தும்போது ஒருநாளும் கை தயங்கியதில்லை.

அவள் எழுந்து நடந்தாள். சுவரோரம் சிமெண்டு இறக்கும் இடம். வெள்ளைத் தூசி கணுக்கால்வரை ஏறியது. வேகமாக நடக்க முயன்று மூச்சு வாங்கியது. நடக்க நடக்கத்தான் அந்த மழை நாள் சிறிது சிறிதாக உள்ளே இறங்கியது. அன்றைக்கு இங்கே சேறு இருந்திருக்கும். தங்கை ஓடியிருப்பாள். மேம்பாலத்தின் இரும்புப் படியில் கால் வழுக்கியிருக்கும். அதே நேரத்தில் அங்கே கட்டிலோரம் நின்றுகொண்டு, இதோ நீர்த்தொட்டி வந்திருப்பாள், இதோ மாறியிருப்பாள் என்று அப்பாவிடம் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. மேம்பாலத்தின் உச்சியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே தண்டவாளங்கள். எண்ணினாள், பதினான்கு. வாந்தி அங்கேதான் வந்தது, பஸ்ஸில் வரவில்லை.

மறுபக்க நிறுத்தத்தை அடைந்தபோது மணி பதினொன்று மூன்று. அடுத்த பஸ் பதினொன்று இருபதுக்கு. தங்கையின் வாசலை மிதிக்கும்போது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கார் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது.

கூடம் காலியாகக் கிடந்தது. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுத்துத் தெரிந்தன. தங்கை தரையில் முட்டிபோட்டுப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் அக்காவின் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தாள். அந்த வெள்ளைத் தூசி எந்தச் சுவரோரத்துத் தூசி என்று இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றாள் தங்கை.

"முப்பத்தெட்டு நிமிஷம்."

"எனக்கு நாப்பத்தாறு. மழை."

தயார்செய்து கொண்டுவந்த வாக்கியம் வழிசொல்லியின் வாயில் இல்லை. தேடிப்பார்த்தாள். எத்தனையோ ஆயிரம் பேருக்குத் தட்டுத் தடுமாறாமல் பதில் சொன்ன வாய் வெறும் காற்றை மென்றது.

"அப்பா கேட்டுக்கிட்டே இருந்தார்டி. அஞ்சு நிமிஷம்னு நான்தான் சொன்னேன். கடைசிவரைக்கும் கதவைத்தான் பார்த்தார்."

தங்கையின் கை கயிற்றில் அப்படியே நின்றது. இது அவளுக்கு இதுவரை யாரும் சொல்லாத செய்தி. தூங்குகிற மாதிரி போய்விட்டார் என்றே எல்லோரும் சொல்லியிருந்தார்கள். வெளியே கார் ஒருமுறை ஒலியெழுப்பியது. கயிற்றைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்.

"இதைச் சொல்லத்தான் வந்தியா?"

"இல்ல. உன்னை மன்னிக்கலாம்னு வந்தேன்."

பொய் சொல்லியிருக்கலாம். நினைத்தால் அழகாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வாய்க்கு வந்தது அதுதான். தங்கை அவளையே பார்த்தாள். அடித்துவிடுவாள் என்று ஒரு கணம் தோன்றியது. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்கை முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டு எழுந்தாள். ஓட்டுநர் வந்து பெட்டிகளை எடுத்துப் போனார். தங்கை வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப என்கிட்ட பதில் எதிர்பார்க்காதே அக்கா. எனக்கே தெரியல. போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன். உன் வீட்டுக்கு இல்ல, உன் ஆபீஸ் நம்பருக்கு. யாரோ மாதிரி கேக்கிறேன், நீர்த்தொட்டியில எப்படி மாறணும்னு. நீ என்ன சொல்றேன்னு கேட்டுட்டு, அப்புறம் பேசறதா வேண்டாமான்னு பாக்கிறேன்."

கார் திரும்பி, தெருமுனையில் மறைந்தது.

வழிசொல்லி பூட்டிய கதவின் படியில் உட்கார்ந்தாள். மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு பத்து. சனிக்கிழமை மதிய முறைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, வரைபடத்தைக் காட்டி, ஒவ்வொரு புள்ளியையும் மனப்பாடம் செய்யவைத்தது வழிசொல்லிதான். கெட்டிக்காரப் பெண். நீர்த்தொட்டியில் மாற அஞ்சு நிமிஷம் என்பதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியே சொல்வாள்.

கைப்பேசியை எடுத்தாள். தன்னுடைய சொந்த அறையின் எண்ணை வாழ்நாளில் முதல்முறையாக அழுத்தினாள். மூன்று இணைப்புகளிலும் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். துண்டித்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.