கட்டிவிட்ட வயது

இடுப்பு வலித்தது. வயதால் வந்த வலி இல்லை, கட்டிவிட்ட வலி. கழுத்திலிருந்து இடுப்புக்கு ஒரு நாடாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள், நிமிர முடியாது. முழங்கால்களைச் சுற்றி அட்டையும் பேண்டேஜும். கணுக்கால் இரண்டிலும், ஒரு நர்சின் வீட்டுக்காரர் வேலை செய்யும் கம்பெனியில் கழித்துப் போட்ட போல்ட்டுகள் நிறைந்த பை. காலில் எவனோ தேய்த்துத் தள்ளிய சேஃப்டி ஷூ, அதற்குள் ஒரு கைப்பிடி கொள்ளு. விரல்களில் பிளாஸ்டர், காதில் பஞ்சு, கண்ணாடியில் தேங்காய் எண்ணெய். தலையில் பவுடர், முகத்தில் மாஸ்க், உடம்பில் நைந்த நூல் சேலை.

டாக்டர் சுசித்ராவுக்கு அன்று காலைவரை வயது இருபத்தொன்பது.

வெளிநாட்டில் இதற்கென்று தனி உடுப்பே விற்கிறார்களாம். ஓசூரை ஒட்டிய அந்த மருத்துவமனையில், குடும்ப மருத்துவம் படிக்கும் டாக்டர்களுக்கு முதியோர் வைத்தியம் பழக்கும் ஜோதிமணி மேடம், அதை போல்ட்டிலும் கொள்ளிலும் முடித்துவிட்டார்.

"இந்தச் சீட்டக் காட்டி கவுன்டர்ல மாத்திரை வாங்கிட்டு வரணும். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு மூடிருவாங்க, அதுக்குள்ள. டாக்டர்னு சொன்னா பெயில். மாஸ்க்கக் கழட்டினா பெயில்."

"பெயில்னா, மேடம்?"

"அடுத்த பேட்ச்சோட மறுபடியும் மொதல்லருந்து."

திங்கட்கிழமை பெங்களூரில் வேலை காத்திருந்தது. பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் வரவேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். சுசித்ரா கிளம்பினாள்.

தினமும் டீ குடிக்கப் போகும்போது தாண்டுகிற தூரம்தான். அன்று ஒவ்வோர் அடிக்கும் கொள்ளு கடித்தது. மூட்டை தூக்குகிறவன் நடுவில் இறக்கி வைத்து மூச்சு வாங்குவான். இவளுக்கு இறக்கி வைக்க வழியில்லை, மூட்டையே இவள்தான்.

கவுன்டர் முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. சிமென்ட் தரையில் மங்கலாகச் செருப்புகள் மட்டும் கிடந்தன. அதை அவள் தினமும் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான். கோயில் வாசல் மாதிரி கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறார்களே, இந்த ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி மேல் எவ்வளவு மரியாதை என்று ஒருமுறை அம்மாவிடம் போனில் வியந்தும் இருக்கிறாள். நல்ல வேளை, கூட்டமில்லை என்று நேராகப் போய் ஜன்னலுக்குள் கையை விட்டாள்.

சுவரோர நிழலில் இருந்த கூட்டம் எழுந்தது. எழ முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே கத்தினார்கள். கல் குவாரியில் உடம்பைத் தொலைத்த ராமப்பன் தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் சூடேறி, தமிழில் முடித்தார்.

"ஏய் ஷூக்காரி, செருப்பு வெச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியல?"

செருப்பு தெரிந்தது, வரிசைதான் தெரியவில்லை. அந்தச் செருப்புகள்தான் வரிசை. முதல் பஸ்ஸில் வந்தவர்கள், நிற்கத் தெம்பில்லாமல், ஆளுக்கொரு செருப்பை நிற்க வைத்துவிட்டு நிழலில் கிடந்தார்கள். செருப்பைத் தாண்டுவதும் ஆளைத் தாண்டுவதும் ஒன்று.

பதறித் திரும்பினாள். கணுக்கால் பைகள் அஞ்செட்டிக்காரர்கள் செருப்பையும் ஜவளகிரிக்காரர்கள் செருப்பையும் ஒன்றாகப் பெருக்கித் தள்ளின.

அதற்குப் பிறகு நடந்தது சண்டை. எல்லாம் தேய்ந்த நீல ஹவாய் செருப்பு; எது யாருடையது என்று காலில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். போட்டுப் பார்த்ததும் எல்லோரும் எல்லோருக்கும் முன்னால் இருந்தார்கள். ஜன்னலுக்குள் மாத்திரை கொடுக்கிற முனிவேல் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தான்.

"ஒரு மணிக்கு மூடிருவேன். அதுக்குள்ள நீங்களே பேசி முடிங்க."

பேசி முடிக்கவே பாதி நேரம் போயிற்று. இவளுக்குக் கடைசி இடம் கிடைத்தது. அடையாளத்துக்கு ஒரு ஷூவைக் கழற்றி வைத்தபோது கொள்ளு சிதறியது.

"என்னாது, ஷூக்குள்ள கொள்ளு ஊற வெச்சிருக்கியா?" என்றது பக்கத்துக் குரல்.

அந்தக் குரல் தெரிந்ததுதான். அஞ்செட்டி சென்னம்மா. போன வாரம் இவளிடம் வந்து போனவள்.

"டாக்டருதான் போடச் சொன்னாங்க."

அது பொய்யில்லை. ராமப்பன் குனிந்து நாலு கொள்ளைப் பொறுக்கி, "எந்தக் காலுக்கு?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் செருப்பில் குதிகால் பக்கம் வைத்து மிதித்துப் பார்த்தார். "சுருக்குன்னு இருக்குது. வேலை செய்யுது." இன்னும் இரண்டு பேர் கை நீட்டினார்கள். மறுத்துச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டும். டாக்டர் என்று சொன்னால் பெயில்.

"எந்த ஊரு நீ?" என்றாள் சென்னம்மா.

"ஜவளகிரி." வாயில் வந்த ஊரைச் சொன்னாள்.

"எத்தன புள்ளைங்க?"

"இன்னும் கல்யாணம் ஆகல."

சென்னம்மா இவளை மேலும் கீழும் பார்த்தாள். "வுடு. இதுக்கு மேல ஆயி என்ன பண்ணப் போற."

பிறகு பஞ்சு அடைத்த காதுக்குள்ளேயே வாயை வைத்துத் தன் கதையைச் சொன்னாள். "கிர்ருனு தல சுத்துதுன்னு போன வாரம் வந்தேன். ஒரு பொண்ணு டாக்டரு. எம் மூஞ்சியப் பாக்கவே இல்ல, கம்ப்யூட்டரயே பாத்துக்கிட்டு வயசானா அப்படித்தாம்மான்னுது. வயசாச்சுன்னு எனக்குத் தெரியாதா? அதச் சொல்றதுக்கு நான் பஸ் ஏறி வரணுமா?"

"வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும்."

"உனக்கு என்ன, அவ ஒறவா?"

செருப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சென்னம்மாவின் முறை வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். கூன் விழுந்து, ஒற்றை ஷூவோடு, சுவரைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்த உருவம்.

"உன்னப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு இன்னும் வயசாவுது. நீ போ மொதல்ல. சட்டுனு வாங்கிட்டு வந்துரு, எனக்கு பஸ் இருக்குது."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை வந்து வாயை அடைத்தது. போனாள்.

சட்டென்று வாங்க விரல் மடங்க வேண்டும். முந்தானை முடிச்சிலிருந்து சீட்டை எடுக்க முடியவில்லை. எடுத்ததும் கீழே விழுந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. முனிவேல் கேட்டது காதில் விழவில்லை, அவன் மறுபடி கேட்டான். கையெழுத்துப் போடப் பேனா நிற்கவில்லை. "பெருவிரல உருட்டும்மா, கைநாட்டு போதும்," என்றான். மாத்திரையை உள்ளங்கையில் வைத்தான். ஜன்னலைச் சாத்தினான்.

சென்னம்மா சாத்திய ஜன்னலைத் தட்டினாள். "ரெண்டு மணிக்கு வாம்மா" என்று உள்ளிருந்து பதில் வந்தது. கூடவே டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம்.

"ரெண்டு மணிக்கு வந்தா சாயங்கால பஸ்தான். எறங்கி நடக்கற வழில ஆனை நிக்கும்." செருப்பைக் காலில் மாட்டினாள். "ரத்தக் கொதிப்பு மெதுவாத்தான் கொல்லும். ஆனை அப்படியா?" இவளைப் பார்த்து, "நீ மாத்திரைய ஒழுங்கா முழுங்கு, கல்யாணத்துக்கு ஆவும்," என்று சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் வேகமாக நடந்தாள்.

சுசித்ரா ஆடி ஆடி வந்து மாத்திரையை மேஜையில் வைத்தாள். ஜோதிமணி மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "பாஸ். என்ன கத்துக்கிட்ட?"

சுசித்ரா கத்தரிக்கோலை எடுத்து நாடாவை வெட்டினாள். போல்ட் பையை உதறினாள், மாஸ்க்கையும் கண்ணாடியையும் கழற்றி, சேலைமேல் டாக்டர் கோட்டை மாட்டினாள். தலையில் பவுடரோடும் காலில் பேண்டேஜோடும் ஓடி முனிவேலின் சாப்பாட்டைக் கெடுத்து, சென்னம்மாவின் மாத்திரையை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். வாசலில் உட்கார்ந்து செருப்பிலிருந்த கொள்ளைச் சரிசெய்துகொண்டிருந்த ராமப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரத் தேடறீங்க, டாக்டரம்மா?"

"சென்னம்மா. அஞ்செட்டிக்காரங்க."

"பஸ்ஸு இந்நேரம் மத்திகிரி தாண்டியிருக்கும். அந்த ஷூக்காரிக்கு எடம் குடுத்துட்டு வெறுங்கையோட போவுது, பைத்தியக்காரி."

சுசித்ரா அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். பெங்களூர் பக்கம் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அஞ்செட்டி பக்கம் சாயங்காலம்வரை ஒன்றும் இல்லை.

டாக்டர் சுசித்ரா அஞ்செட்டி சென்னம்மாவுக்குத் தர வேண்டியது ஒரு மாதத்துக் கொதிப்பு மாத்திரை. இன்னும் தரவில்லை.