இரண்டு சீட்டுச் சிவப்பு வண்டி

எங்கள் வீட்டுக் காரில் முன் சீட்டு அக்காவுடையது. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. கார் வாங்கிய நாளிலிருந்து அவர் ஓட்டுவார், பக்கத்தில் அக்கா உட்காருவாள், பின்னால் நானும் பைகளும். மாங்காய்க் கூடை ஏற்றினால் நானும் கூடையும்.

அவர் என்பது சந்திரமோகன், எங்கள் இரண்டு பேருக்கும் வீட்டுக்காரர். முதலில் அக்கா கலைமணியைத்தான் கட்டினார். பிள்ளை இல்லாமல் போகவே, "வெளியிலிருந்து எவளோ ஒருத்தி வர்றதுக்கு என் தங்கச்சியே வரட்டும்" என்று அக்காவே வந்து என்னைக் கேட்டு அழைத்துக்கொண்டு போனாள். நான் கலைமதி. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இப்படி வாழ்கிறவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. அதனால் யாரும் வாயைப் பிளக்க வேண்டாம்.

நான் பெற்ற இளம்பரிதி அக்காவை அம்மா என்பான், என்னைச் சின்னம்மா என்பான். அது பழகிவிட்டது. அடுப்படியில் எங்களுக்குள் சண்டை வந்திருக்கிறது, புடவை எடுக்கும்போது வந்திருக்கிறது. முன் சீட்டுக்காக மட்டும் வந்ததில்லை, ஏனென்றால் நான் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதற்காக ஆசை இல்லை என்று அர்த்தமா? ஒரு தடவையாவது முன்னால் உட்கார்ந்து, ரோடு என்னை நோக்கி வருவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வெளியில் சொன்னால், இந்த வயதில் இவளுக்கு வந்த கேட்டைப் பார் என்பார்கள். நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் கூரை இல்லாத கார் வந்து புகுந்தது.

இளம்பரிதிக்குப் பெங்களூரில் வேலை. பொங்கல் கழித்து அவனைப் பார்க்கப் போனவர், சிக்னலில் ஒரு திறந்த காரைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து மனுஷன் இந்த உலகத்தில் இல்லை. தோப்பைக் குத்தகைக்கு விட்டாயிற்று, நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்கிற கதைதான். பொழுதுக்கும் போனும் கையுமாக வெளிநாட்டுக்காரன் கடலோரத்தில் கூரையைத் திறந்துகொண்டு போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடைக்குன்னே செஞ்ச வண்டி மணி. விடியக்காலைல கெளம்புனா சித்தேரி மலை வரைக்கும் சில்லுனு போய்ட்டு வரலாம்" என்றார் அக்காவிடம்.

"திரும்பி வர்றப்ப?" என்றாள் அக்கா. புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"திரும்பி வர்றப்ப கூரைய மூடிக்கறது."

"அப்ப நம்ம வண்டிக்கு அந்தக் கூரை மூடித்தானே இருக்குது?"

பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணன் அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு நேரிலேயே வந்துவிட்டார். "ஏனுங்க மாமா, சித்திரை வந்தா ஊரே நெழலத் தேடும். நீங்க இருக்கற நெழலையும் கழட்டி வெச்சுட்டுப் போறேங்கறீங்க. புளியமரத்து ரோட்டுல போனா காக்கா சும்மா இருக்குமா?" என்றார். அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினேன். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எனக்கு எரிச்சலாக வந்தது. ஏன் வந்தது என்று அப்போது தெரியவில்லை.

பெங்களூரில் பழைய உசத்தி வண்டிகளை விற்கிற ஒரு கடையில் அவர் மனசுக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று சிவப்பு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பந்தய வண்டி. இன்னொன்று நீலம், நாலு சீட்டு, அதற்கும் கூரை திறக்கும். காலையில் சிவப்பு என்பார், சாயங்காலம் நீலம் என்பார். மதில்மேல் பூனையாவது ஒரு நேரம் இறங்கும், இவர் இறங்குகிற வழியாகத் தெரியவில்லை.

ஒருநாள் சோறு போடும்போது நான்தான் கேட்டேன். "ஏங்க, ரெண்டு சீட்டு வண்டி வாங்குனா யாருங்க உக்காருவாங்க?"

"நான் ஓட்டுவேன்."

"இன்னொரு சீட்டுல?"

பிசைந்த கை அப்படியே நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அதை அவர் நினைத்தே பார்த்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ரசத்தைப் பார்த்தார். "மாத்தி மாத்திப் போய்க்கலாம்" என்றார் கடைசியில். அக்கா எழுந்து மோர் எடுக்கப் போய்விட்டாள். மோர் என் பக்கத்திலேயே இருந்தது.

அன்றிலிருந்து குழப்பம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. நீல வண்டி வந்தால் பழையபடி அக்கா முன்னால், நான் பின்னால், கூடுதலாகத் தலைமுடியும் பறக்கும். சிவப்பு வந்தால் ஒருநாளாவது அந்தச் சீட்டு எனக்கு வரும். அப்போது அக்கா எங்கே இருப்பாள்? வாசலில் நின்று கேட்டைச் சாத்துவாள். அதை நினைக்கப் பிடிக்கவில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. மாற்றி மாற்றிப் போவது என்று ஆகிவிட்டால், நான் வாசலில் நிற்கிற நாட்களும் வரும். இத்தனை காலம் பின் சீட்டிலாவது கூடவே போனேன். அதுவும் போய்விடுமே என்று ஒரு பயம். எனக்கு எந்த வண்டி வேண்டும் என்று கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரியாது. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

பங்குனியில் மூன்று பேரும் பழைய காரிலேயே பெங்களூர் போனோம். கடைக்காரப் பையன் கோட்டும் சூட்டுமாக ஓடிவந்து, "வாங்க சார். மேடம் யாரு சார்?" என்றான்.

அவர் தொண்டையைக் கனைத்தார். "ரெண்டு பேரும்தான்" என்றார்.

அந்தப் பையன் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் ஜூஸ் கொடுத்தான். கெட்டிக்காரன், பிழைத்துக்கொள்வான்.

முதலில் சிவப்பு வண்டி. பொத்தானை அமுக்கியதும் கூரை குடை மாதிரி மடங்கிப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அவர் குனிந்து, வளைந்து, ஒரு வழியாக உள்ளே இறங்கினார். ஓட்டிப் பார்க்கும்போது கடைக்காரர் ஒருத்தர் கூட இருக்க வேண்டுமாம். அந்தப் பையன் பக்கத்துச் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தான். வண்டி உறுமிக்கொண்டு போய்விட்டது. இத்தனை நாளாக நான் தூக்கம் கெட்டு யோசித்த சீட்டில் எவனோ ஒருத்தன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு போகிறான். அக்காவும் நானும் ஜூஸ் டம்ளரோடு வெயிலில் நின்றோம்.

"இதுக்குத்தானா?" என்றாள் அக்கா.

நான் மிச்ச ஜூஸைக் குடித்து முடித்தேன்.

திரும்பி வந்தவரின் வழுக்கைத் தலை அந்த வண்டி நிறத்துக்கே வந்திருந்தது. சந்தோஷத்திலா வெயிலிலா, தெரியவில்லை. அடுத்து நீல வண்டியில் எங்களை ஏறி உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். அக்கா வழக்கம்போல முன்னால். எனக்கு முன் சீட்டை மடக்கிப் பின்னால் வழிவிட்டார்கள். குழந்தைகளுக்காகச் செய்த இடம் அது. முழங்கால் முகவாய்க்கட்டையில் இடித்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். காரில் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பது அபூர்வம்.

"காலு வலிக்குதாடி?"

"இல்லக்கா" என்றேன். வலித்தது.

முடிவு எடுக்காமலேயே ஊர் திரும்பினோம். ஒரு வாரத்துக்குள் சொன்னால்தான் வண்டியை நிறுத்தி வைப்போம் என்று கடையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் எங்கள் பக்கத்து வழக்கப்படி முனியப்பனிடம் பூப்போட்டுக் கேட்பது என்று ஆயிற்று. கல்யாணம், கிணறு, பத்திரம் எதுவானாலும் இங்கே அப்படித்தான். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி காலடியில் போடுவார்கள். இது வந்தால் இப்படி, அது வந்தால் அப்படி என்று மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். அதுதான் வாக்கு.

அமாவாசையன்று போனோம். பூசாரி தர்மன் செவ்வரளியையும் நந்தியாவட்டையையும் மடித்துப் போட்டுவிட்டு, "நல்லா மனசுல நெனச்சுக்குங்க. பிரிக்கறதுக்கு முந்தி வாயத் தொறந்து சொன்னா வாக்குப் பலிக்காது" என்றார்.

மூன்று பேரும் கண்ணை மூடினோம். நினைக்க வேண்டியவர் அவர்தான், வண்டி அவருடையது. நான் சும்மா கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் கண்ணை மூடியதும் வண்டி எதுவும் எனக்குள் வரவில்லை. அப்பனே முனியப்பா, எந்த வண்டி வந்தாலும் சரி. சிவப்பு வந்தால் முன் சீட்டை நான் வாயைத் திறந்து கேட்டுவிடுகிறேன். வெள்ளை வந்தால் சாகும்வரை அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். இப்படி நினைத்துவிட்டேன். நினைத்த பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை.

தர்மன் பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை.

இனிச் சாகும்வரை அந்தப் பேச்சு இல்லை, அவ்வளவுதான். அவர் முகமும் விழுந்துவிட்டது. சிவப்பு வண்டிக்குச் சிவப்புப் பூ, நீல வண்டிக்கு வெள்ளைப் பூ என்று நினைத்திருப்பார், வேறென்ன? "இன்னொருக்காப் போட்டுப் பாக்கலாங்களா?" என்று இழுத்தார்.

"பரிச்சைப் பேப்பருங்களா, மறுக்கா திருத்தறதுக்கு? சாமி ஒருக்காத்தான் சொல்லும்" என்று தர்மன் திருநீற்றை நீட்டினார்.

காருக்கு வந்தோம். நான் பின் கதவைத் திறக்கப் போனேன். அக்கா எனக்கு முன்னால் போய் அதைத் திறந்து, தேங்காய்ப் பையை நகர்த்திவிட்டு, உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன மணி, அங்க போய் உக்காந்துட்ட?" என்றார் அவர்.

"நீங்க வண்டிக்குக் கேட்டீங்க. நான் வேற ஒண்ணு கேட்டேன்" என்றாள் அக்கா. "செவப்பு வந்தா இருக்கறபடி இருக்கட்டும், வெள்ளை வந்தா முன்னால மதி உக்காரட்டும்னு கேட்டேன். வெள்ளை வந்துருச்சு. மதி, ஏறுடி."

நான் ஏறவில்லை. எப்படி ஏறுவது? என்னிடம் வாயை மூடு என்று சொன்ன சாமி, அதே பூவில் அவளிடம் எழுந்திரு என்று சொல்லியிருக்கிறது. கேட்கக் கூடாது என்றுதானே எனக்கு வந்தது. நான் கேட்கவில்லையே, தானாக வந்தால் வாங்கிக்கொள்ளலாமா? அக்கா மனசார எழுந்தாளா, சாமிக்குப் பயந்து எழுந்தாளா? ஒன்றும் புரியவில்லை. அவருக்கு என்னைவிட மோசம். சாவியை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் கோயிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில்ல நிக்காத, ஏறு" என்று மறுபடி அதட்டினாள் அக்கா.

ஏறினேன். பெல்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் தடவினேன், அவர் இழுத்து மாட்டிவிட்டார். வண்டி கிளம்பியது. ரோடு என்னை நோக்கி வந்தது, நான் ஆசைப்பட்ட மாதிரியேதான். புளியமரங்கள் இரண்டு பக்கமும் விலகிக்கொண்டு வந்தன. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று நேராக எங்கள்மேல் வருவது போல வந்து ஒதுங்கிப் போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. கையை மடியில் வைத்தேன், கதவில் வைத்தேன், திரும்பவும் மடியிலேயே வைத்தேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. குறை சொல்கிற குரல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இங்க இருந்து பாத்தா ரோடே தெரியலயே மதி. இத்தன வருசமா நீ என்னத்தடி பாத்துக்கிட்டு வந்த?"

"உன் கொண்டையத்தான்க்கா" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. கோபத்தில் வந்ததா, பாசத்தில் வந்ததா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும்தான் இருக்கும். வாயை விட்டு வந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அவர் வேகத்தைக் குறைத்து, "அப்ப இந்த வெள்ளப் பூவுக்கு எந்த வண்டின்னு எடுத்துக்கறது?" என்று கேட்டார். பாவம், அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அக்கா சிரிக்கிறாளா, அழுகிறாளா, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்க்கிறாளா என்று பார்க்கத் திரும்பினேன். பெல்ட் இழுத்துப் பிடித்துக்கொண்டது, அவள் முழங்காலும் தேங்காய்ப் பையும் மட்டும்தான் தெரிந்தன.