உமி ஏற்றிய லாரி

லாரி நிறைய உமி மூட்டை. அதை நெல் என்று ஊரை நம்பவைக்க வேண்டிய முகத்தோடு நான் டிரைவர் சூசையப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முகத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பாலக்காட்டுக் கல்லூரியில் பிரின்சிபாலின் நடையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் அவரே வந்து நிற்க, ‘கால் சுளுக்குங்க சார்’ என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் நின்ற முகம் அது.

இண்டர்மீடியட்டில் நான் இரண்டாம் முறையும் தவறியபோது, அதற்கு மருந்தாக அப்பா கிணற்றடித் தோட்டத்தை அடமானம் வைத்து இந்த லாரியை வாங்கினார். கோயமுத்தூரில் யாரோ ஓட்டிச் சலித்த லாரி. எங்கள் லாரிக் கம்பெனியின் பெயரை அதன் நெற்றியில் தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதவைத்தேன். எங்கள் ஊர் மீனாட்சிபுரத்தில் சரக்கு வைத்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு எழுத்து வாசனை கிடையாது, மூன்றும் ஒன்றுதான். சரக்குப் பிடித்து வருவது என் வேலை என்று முடிவாயிற்று. படித்தவன் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள் என்பது அப்பாவின் நம்பிக்கை.

இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஏறிய மண்டியிலெல்லாம் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். மோரைக் குடித்து முடித்ததும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “மொதல்ல யாராச்சு ஏத்தட்டுங்க தம்பி, பாத்துட்டுச் சொல்றோம்.” அந்த யாராச்சு யார் என்று தேடியே வைகாசி போய்விட்டது. நான் ஏறாத மண்டி ஒன்றுதான், சின்னையனுடைய கடலை மண்டி. அந்தச் சரக்கு என் அக்காள் ராமாத்தாளின் புருஷன் நாச்சிமுத்து மச்சானுடைய மாட்டுவண்டிகளில்தான் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும். அக்காள் வீட்டு அடுப்பு அந்த வாடகையில் எரிகிறது. “ஊரெல்லாம் கேளு, அந்தப் படிய மட்டும் மிதிச்சுராத” என்று அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார்.

கடைசியில் அந்த முதல் ஆளை நாமே செய்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ரைஸ் மில்லில் உமி சும்மா கிடைத்தது. சாக்கில் திணித்து, வாயைத் தைத்து, லாரியில் அடுக்கினோம்.

“எங்க எறக்கணும்?” என்றான் சூசையப்பன்.

“எங்கயும் எறக்க வேண்டாம். கடவீதில எல்லாரும் பாத்தாப் போதும்.”

“தேரு மாதிரி.” கொஞ்சம் யோசித்தான். “தேருலயாச்சும் உள்ள சாமி இருக்கும்.”

கடைவீதியில் ஆமை வேகத்தில் போனோம். மண்டிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. எனக்கு மோர் கொடுத்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். யாரையும் கவனிக்காதவன்போல, சரக்கைப் பற்றிய கவலை உள்ளவன்போல நேரே பார்த்துக்கொண்டு வந்தேன். ஊரைத் தாண்டி, லாரியைத் திருப்ப இடம் தேடிய இடத்தில் பின்சக்கரம் கரிசல் சேற்றில் இறங்கியது. முந்தின நாள் மழை. சூசையப்பன் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது.

“உமிக்கே இந்தக் கதி” என்றான்.

அப்போதுதான் பின்னால் மாட்டுவண்டிகள் வந்தன. முதல் வண்டியில் மச்சான்.

இந்த லாரி சேற்றோடு போகட்டும் என்று நினைக்க ஊரில் வேறு யாரையும்விட அவருக்குத்தான் உரிமை உண்டு. ஆனால் வண்டிப்பாதைக்கு ஒரு முறை இருக்கிறது. முன்வண்டி சேற்றில் நின்றால் பின்வண்டி தாண்டிப் போகக்கூடாது. பாரத்தை இறக்கி, வண்டியைத் தள்ளிவிட்டு, மறுபடி ஏற்றிக்கொடுக்க வேண்டும். லாரியும் வண்டிதான் என்று மச்சான் யோசிக்காமலே முடிவு செய்துவிட்டார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் மடித்துப் போட்டார்.

“வேண்டாங்க மச்சான், சூசையப்பனே ஏத்திருவான்.”

“கூச்சப்படாதீங்க மாப்ள. இன்னிக்கு நீங்க, நாளைக்கு நாங்க.”

வண்டிக்காரர்கள் இரண்டு பேர் மேலே ஏறினார்கள். கீழே மச்சான் காலை அகட்டி, முதுகை வளைத்து, மூச்சைப் பிடித்து நின்றார். நெல் மூட்டைக்காக நின்ற அந்த முதுகில் உமி மூட்டை இறங்கியது. எதிர்பார்த்த பாரம் வராததால் உடம்பு தானாக முன்னால் பாய்ந்து, முழங்காலளவு சேற்றில் போய் நின்றார்.

மேலே நின்றவர்களில் ஒருவர் இன்னொரு மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இந்த வருசம் நெல்லு கொஞ்சம் எளப்புங்களாட்ட இருக்குது” என்றார்.

அவர்கள் சிரித்துவிட்டால் தேவலை என்றிருந்தது. வேறொருவனுக்கு இது நடந்திருந்தால் நான் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் நாலு பக்கம் எழுதியிருப்பேன். மச்சான் மூட்டையை விரலால் ஒருமுறை அமுக்கினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். எதையோ கேட்கத்தான் வாயைத் திறந்தார்.

அதற்குள் சலங்கைச் சத்தம் கேட்டது. ஊர்ப்பக்கமிருந்து சவாரி வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. உள்ளே மண்டிக்காரர் சின்னையன்.

மச்சானின் முதுகு மறுபடியும் வளைந்தது.

“பாத்து எறக்குங்கடா” என்றார் சத்தமாக. “ஒவ்வொண்ணும் கல்லாட்டக் கெடக்குது.”

மேலே நின்றவர்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு ஒரு மூட்டையை இரண்டு பேராகப் பிடித்து முனகினார்கள். ஒருவர் தேவைக்கு மேலேயே முனகினார். மச்சான் பல்லைக் கடித்து, சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, கரைக்கு நடந்தார். சேறு மட்டும் பொய்யில்லை. வியர்வையும் நிஜமாகவே வழிந்தது. நான் லாரியில் கைவைத்துக்கொண்டு நின்றேன். என் முகம் முதல் முறையாக என் சொல் கேட்கவில்லை.

சின்னையன் வண்டியை நிறுத்தி இறங்கினார். லாரியை முன்னும் பின்னும் பார்த்தார்.

“நாச்சிமுத்து, இத்தன பாரத்தையா ஏத்திக்கிட்டு வந்துச்சு இது?”

“ஆமாங்க.” அடுத்த மூட்டை மச்சானின் முதுகில் இருந்தது.

“தாங்குதா?”

“தாங்குதுங்க. சேத்துக்கு அது என்னங்க பண்ணும்?”

சின்னையன் தலையாட்டினார். ஊர் முழுக்கத் தேடி எனக்குக் கிடைக்காத தலையாட்டல் அது.

“அப்ப வர்ற சந்தைக்கு நம்ம கடலைய இதுலயே போட்டுப் பாக்கலாமா? வெடியறதுக்குள்ள பொள்ளாச்சி போயிருமாமே. நீயே சொல்லு, நாச்சிமுத்து.”

சூசையப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மேலே முனகிக்கொண்டிருந்தவர் முனகலை நிறுத்தினார்.

“மாப்ளகிட்டயே கேட்டுக்கோங்க” என்றார் மச்சான். “அவரு கம்பெனிங்களே.”

சின்னையன் என் பக்கம் திரும்பினார். மண்டி மண்டியாகச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள் என்னிடம் ஏராளமாக இருந்தன. குறித்த நேரம், நியாயமான வாடகை, தார்ப்பாய் வசதி. எதைச் சொன்னாலும் அக்காள் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதுதான். மச்சான் மூட்டையை இறக்கவில்லை. நான் பேசி முடிக்கட்டும் என்பதுபோல வளைந்தபடியே நின்றார். சாக்கின் தையல் ஓரத்தில் பிரிந்து, உமி மெல்ல உதிர்ந்து அவருடைய ஈரக் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அரித்திருக்கும். அவர் துடைத்துக்கொள்ளவில்லை. கனமான மூட்டை சுமக்கிறவனுக்குக் கை ஒழியாது.