சாப்பாடு இறங்காதவருக்கு என்ன மாத்திரை?

மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கிட்டா வீட்டுப் பக்கம் நோயே அண்டாதுன்னு எங்கம்மா சொன்னாங்க. நல்லா சொன்னாங்க போங்க! கல்லாவுல நான், மருந்து எடுத்துக் குடுக்கிறது என் வீட்டுக்காரர். அவருக்கு நெஞ்சைக் கரிச்சா யாரையும் கேக்க வேண்டியதில்லை. கையை நீட்டினா அலமாரி. அட்டையைக் கிழிச்சு மாத்திரையை வாயில போட்டுக்குவார். வருஷக்கணக்கா இதே கதைதான்.

ஒருநாள் அந்த எரிச்சல் தானா நின்னுச்சு. "பாத்தியா, குணமாயிடுச்சு"ன்னு பெருமை வேற. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணி குடிக்க ஆரம்பிச்சார். ரொட்டியை விட்டார், கறியை விட்டார். கூழாக் கரைச்சுக் குடுத்தாத்தான் இறங்குச்சு. பெல்ட்டுல ஆணியால புது ஓட்டை போட்டுக்கிட்டார். கேட்டா, "அவசரமா முழுங்கிட்டேன்டி"ம்பார். டாக்டர்கிட்ட போலாம்னா, "எனக்குத் தெரியாததையா அவங்க சொல்லப் போறாங்க?" சண்டை போட்டேன், அழுதேன், பேசாமக்கூட இருந்து பாத்தேன். செவிடன் காதுல ஊதின சங்குதான்.

அன்னிக்கு ஒரு லாரி டிரைவர் கடைக்கு வந்தார். "சாப்பாடு நெஞ்சுலயே நிக்குதுங்க, ஏதாச்சும் குடுங்க."

என் வீட்டுக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. "இதுக்கு நான் மருந்து தர மாட்டேங்க. வாய் வழியா குழாய் விட்டுப் பாக்கிற டாக்டர்கிட்ட இன்னிக்கே போங்க. தள்ளிப்போடாதீங்க."

வந்துச்சே எனக்குக் கோபம்! கல்லாவை அப்படியே விட்டுட்டு, கவுண்டரைச் சுத்திப் போய் அந்த டிரைவர் பக்கத்துல நின்னேன்.

"என்னடி பண்றே?"

"மருந்து வாங்க வந்திருக்கேன். ஆளுக்கு அம்பது தாண்டிருச்சு. ரொம்ப வருஷமா நெஞ்செரிச்சல். தொப்பை. சிகரெட்டை விட்டதே போன வருஷம்தான். இப்ப சாப்பாடு இறங்கலை, உடம்பு இளைச்சுக்கிட்டே போகுது. என்ன மாத்திரை தருவீங்க?"

"விளையாடாதே. ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். பதில் சொல்லுங்க."

டிரைவர் என்னைப் பாத்தார், இவரைப் பாத்தார். இவர் மூஞ்சி வெளுத்துப் போச்சு. "ஷட்டரை இறக்கு, போலாம்"னார்.

குழாய் விட்டுப் பாத்து, சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. முடிவு வர்ற வரைக்கும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் நேரா பாக்கலை. பாத்திரம் விழுந்தாக்கூட ரெண்டு பேரும் திடுக்கிட்டோம்.

குழாய் விட்டுப் பாத்த டாக்டரம்மா சுத்தி வளைக்கலை. "புற்றுநோய்தான். வயித்து அமிலம் மேல ஏறி ஏறி உணவுக்குழாயோட உள்தோலே மாறிப்போச்சு. மாறின தோலுக்கு எரிச்சல் அவ்வளவா உறைக்காது. அதைத்தான் நீங்க குணம்னு நெனச்சுட்டீங்க."

"பொழைப்பாரா?"ன்னு கேட்டேன்.

"ஸ்கேன்ல பாத்த வரைக்கும் வேற எங்கயும் பரவலை. முதல்ல மருந்து ஏத்துவோம், அப்புறம் ஆபரேஷன். வழி இருக்கும்மா. ஆனா சத்தியம் பண்ண முடியாது."

இவர் மேசைக்கடியில என் கையைத் தேடிப் புடிச்சார். "பயமா இருக்குடி"ன்னார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த வார்த்தையை அவர் வாயால நான் கேட்டதே இல்லை.

"எனக்கும்தாங்க"ன்னேன். அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரியில எப்ப வந்து சேரணும்னு டாக்டரம்மாவைக் கேட்டேன்.