நாற்பதாவது சிப்பாய்

வரலாறு யாருக்காகவும் நிற்பதில்லை. செங்கமலம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மட்டும், பசை காயும்வரை நிற்கும்.

அன்று மேஜையில் ஆனைக்கல் போர் முடிந்திருந்தது. கட்டைவிரல் உயரத்தில் நாற்பது ஈயச் சிப்பாய்கள். எல்லாரும் அவள் தன் கையால் வர்ணம் அடித்தவர்கள். முப்பத்தொன்பது பேர் செத்துக் கிடந்தார்கள். ஒவ்வொருவர் அடியிலும் ஒரு வட்டத் தகடு, அதில் பசை, பசையில் ஆற்றுமணல், மணல்மேல் பச்சைச் சாயம் ஏற்றிய தேங்காய்நார்த்தூள். புல் என்றால் புல்தான்.

நாற்பதாமவன் மட்டும் நின்றான்.

பத்தரை மணிக்கு வரலாற்றுச் சரிபார்ப்புத் துறையிலிருந்து தேவசகாயம் வந்தார். வழக்கமாக வருகிறவர்தான். பால்காரருக்கு அடுத்து அவர். வாசலிலிருந்து மேஜைக்கு எட்டடி. அன்று நடந்துவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவழியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்.

"மேடம், ஆனைக்கல்லில் நாற்பது பேரும் வீரமரணம். புத்தகத்துலயே இருக்கு. இவன் ஏன் நிக்கிறான்?"

"நிக்கவெச்சு ஒட்டிட்டேன் சார்."

"பிச்சுப் படுக்கவையுங்க."

"மாட்டேன்."

"ஒரு பயலுக்காக வரலாற்றையே மாத்தறதா?"

"இவன் மீசைக்கு மட்டும் நாலு நாள் ஆச்சு. உங்க வரலாற்றை எத்தனை நாள்ல எழுதினீங்க?"

தேவசகாயம் ஃபைலைப் புரட்டினார். "ஒரு மத்தியானம்," என்றார். நேர்மையான மனிதர்.

பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். 'உயிரோடு இருப்பதற்கான காரணம்' என்ற இடத்தில் அரை அங்குலம் விட்டிருந்தார்கள். செங்கமலம் இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, சிவப்பில் தொட்டு, "இஷ்டம்" என்று எழுதினாள்.

"கால் மரத்துப்போச்சும்மா," என்றான் சிப்பாய். "படுத்துடட்டுமா? ஐயா கோவமா இருக்காரு."

"நில்லுடா."

நின்றான்.

தேவசகாயத்துக்கு வேர்த்தது. "மேலிடத்துல எண்ணிப் பார்ப்பாங்க மேடம். நாற்பது கிடக்கணும்."

"எண்ணட்டும்."

அவர் ஃபைலை மூடினார். செருப்பைக் கழற்றினார். மேஜை விளிம்பைப் பிடித்து ஏறினார். ஏற ஏறச் சிறுத்தார். முப்பத்தொன்பதாமவன் பக்கத்தில் இடம் பார்த்து, கைக்குட்டையை விரித்து, மல்லாந்து படுத்தார்.

"நாற்பது," என்றார். "சரியாப்போச்சு. கொஞ்சம் வீரமா தெரியறமாதிரி பெயிண்ட் அடிங்க."

செங்கமலம் அவருக்கும் ஒரு தகடு வைத்தாள். தொப்பைமேல் ஒரு பொட்டு ரத்தம். சுற்றிலும் மணல், நார்த்தூள்.

"அரிக்குது மேடம்."

"காய்ஞ்சா சரியாயிடும் சார்."

மேஜையில் இப்போதும் ஒரே ஒருவன்தான் நின்றான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அத்தனை பேரும் விழுந்தப்போகூட நீ திரும்பி ஓடலையேடா!"

"எப்படிம்மா ஓடறது? திரும்பினா தெரிஞ்சுடுமே."

அவனைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பெயிண்டே அடிக்கவில்லை. வேட்டி முன்னால் மட்டும்தான் இருந்தது.